ஆறு நாட்களின் சபை

தென்னிந்தியத் திருச்சபையின் அமைப்பில் சேகரம் என்பது ஓர் ஆயரின் பொறுப்பில் விடப்படும் சபையை, அல்லது அருகருகே அமைந்த சில சபைகளின் தொகுதியைக் குறிக்கும். இந்த அமைப்பு கிராமத்தை மனத்திற்கொண்டு உருவானது. திருநெல்வேலிச் சீமையில் 1799ஆம் ஆண்டு தோன்றிய முதலூரிலும், பின்னர் வளர்ந்த நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி போன்ற ஊர்களிலும் ஆலயமணியின் ஓசை எட்டும் தொலைவே ஏறத்தாழ சபையின் எல்லையாக இருந்தது. மாலை ஜெபத்துக்கு யார் வரவில்லை என்பது, குருப்பட்டம் பெறாமல் ஆயருக்குத் துணையாகக் கிளைச்சபையை நடத்தும் ஊழியராகிய உபதேசியாருக்கு அன்றிரவே தெரிந்துவிடும். பனங்காட்டிலும் கிணற்றடியிலும் கடைத்தெருவிலும் ஆயர் கண்டு பேசிய அதே மனிதர்களே ஞாயிற்றுக்கிழமை அவர் முன் அமர்ந்திருந்தார்கள்.

சென்னையில் இந்த ஒருமை இல்லை. எழும்பூரிலோ வேப்பேரியிலோ உள்ள பழைய ஆலயம் ஒன்றின் உறுப்பினர் ஏட்டைப் புரட்டினால், அதிலுள்ள குடும்பங்கள் ஆவடி, அம்பத்தூர், மடிப்பாக்கம், பெருங்குடி, வண்டலூர் என நகரின் நாலாபுறமும் சிதறியிருப்பதைக் காணலாம். தாத்தாவின் காலம் முதல் சேர்ந்திருக்கும் ஆலயம் என்ற பற்றினால் அவர்கள் ஞாயிறு காலையில் நெடுந்தூரம் பயணம் செய்து வந்து, ஆராதனை முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் குடியிருப்பவர்களோ பெரும்பாலும் அந்தச் சபையைச் சேராதவர்கள். ஆகவே மாநகர ஆயருக்கு இருவகை மக்கள் வாய்க்கிறார்கள்: பொறுப்பில் இருந்தும் அருகில் இல்லாதவர்கள் ஒரு வகை, அருகில் இருந்தும் ஏட்டில் இல்லாதவர்கள் மற்றொரு வகை. நகரில் நெடுங்காலம் பணியாற்றிய ஆயர்கள் அனுபவத்தால் அறிந்துகொள்பவை இந்த நிலையிலிருந்தே தொடங்குகின்றன. ஞாயிறு காலையில் கண்ணுக்குத் தெரிவது சபையின் ஒரு பகுதி மட்டுமே. திங்கள் முதல் சனி வரை, ஆயரின் பார்வைக்கு எட்டாத இடங்களில், அது வாழவோ நலியவோ செய்கிறது. அந்த ஆறு நாட்களைத் தேடிச் செல்வதே நகர ஊழியத்தின் முதற்கடமை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

சென்னையின் சீர்திருத்தத் திருச்சபை வரலாற்றில் இந்தத் தேடல் பழையது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த பெஞ்சமின் ஷுல்ட்சே 1720களின் பிற்பகுதியில் சென்னைக்கு வந்து தமிழருக்கான ஊழியத்தைத் தொடங்கிய காலத்திலேயே, நகரம் பல மொழியினரும் பல ஊரினரும் பிழைப்புக்காக வந்து சேர்ந்த இடமாக இருந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மரபுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, நகர ஊழியம் குறித்து ஆழ்ந்து சிந்தித்த ஒருவரும் அதன் முதல் பேராயர்களுள் இடம்பெற்றார். ஸ்காட்லாந்து திருச்சபையின் மிஷனரியாக 1936இல் இந்தியாவுக்கு வந்து, தமிழைக் கற்று, காஞ்சிபுரத்தில் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் 1947இல் தமது 37ஆம் வயதில் மதுரை – இராமநாதபுரம் பேராயராகவும், 1965 முதல் 1974 வரை சென்னைப் பேராயராகவும் பொறுப்பு வகித்தார். பேராயம் என்பது பல சேகரங்களை உள்ளடக்கிய ஆளுகைப் பரப்பு. அதன் தலைமை ஊழியரே பேராயர். சென்னை நகர ஆயர்களுக்கு நியூபிகின் வழங்கிய சிற்றுரைகள் பின்னர் ‘நல்ல மேய்ப்பன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலாக வெளிவந்தன. சபை தன் உறுப்பினர்களுக்காக மட்டுமன்றித் தான் நிற்கும் இடத்துக்காகவும் நிற்கிறது என்பதும், தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் இருக்கும் விசுவாசியே அந்த இடத்தில் திருச்சபையாக இருக்கிறார் என்பதும், அவரை அதற்கு ஆயத்தப்படுத்துவதே ஆயரின் வேலை என்பதும் அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்துகள். அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சென்னையின் ஆயர் இக்கருத்துகளுக்கே திரும்பவேண்டியிருக்கிறது.

ஆறு நாட்களைத் தேடிச் செல்வதற்குரிய முதல் வழி, பழைய வழியாகிய வீடு சந்திப்பு. ஆயர் குடும்பங்களை இல்லத்தில் சென்று கண்டு, வேதம் வாசித்து, ஜெபித்துத் திரும்புவது இப்பெயரால் வழங்குகிறது. நகரில் இது கடினம் என்பதில் ஐயமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில் காவலரிடம் பெயரெழுதி, வந்த காரணத்தைச் சொல்லி, மேலேயிருந்து தொலைபேசியில் அனுமதி கிடைத்த பின்னரே படியேற முடிகிறது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் இரவு எட்டு மணிக்கு முன் எவரும் இருப்பதில்லை. இத்தடைகளைக் காரணம் காட்டிச் சந்திப்பைக் கைவிட்டு, பகுதிவாரியாக மாதம் ஒருமுறை நடைபெறும் வீட்டு ஜெபக்கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கம் பல சேகரங்களில் பரவியுள்ளது. ஜெபக்கூட்டம் பயனுள்ளதே; எனினும் அங்கே குடும்பம் விருந்தோம்பும் நிலையில் இருக்கிறது, நாற்காலிகள் கடன் வாங்கப்படுகின்றன, சிற்றுண்டி ஏற்பாடாகிறது, அண்டை வீட்டார் அமர்ந்திருக்கிறார்கள். மகனின் குடிப்பழக்கத்தையோ வட்டிக்கு வாங்கிய கடனையோ அந்தக் கூட்டத்தில் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தனியாகச் செய்யப்படும் சந்திப்புக்கு அனுபவம் சில ஒழுங்குகளைக் கற்பிக்கிறது. முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உணவு வேண்டாம் என்பதையும் அப்போதே தெளிவாக்கிவிட்டுச் செல்லும் ஆயரை, வேலை முடிந்து களைத்து வந்த இல்லத்தலைவி அச்சமின்றி வரவேற்கிறார். அரைமணி நேரத்துக்குள் எழுந்துவிடுவது நல்லது. வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் சொல்லவேண்டிய முக்கியமான செய்தியைப் பலர் சொல்வதால், அந்த நேரத்துக்கென்று கொஞ்சம் அவகாசம் ஒதுக்குவது அதைவிட நல்லது. காணிக்கை பற்றியோ சந்தா பாக்கி பற்றியோ சந்திப்பின்போது ஒரு சொல்லும் பேசலாகாது. சந்தா என்பது உறுப்பினர் சபைக்குச் செலுத்தும் தவணைத் தொகை. சேகர கமிட்டித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அதனோடு பிணைந்திருப்பதால், ஆயர் அதைத் தொட்ட கணத்திலேயே மேய்ப்பர் என்ற நிலையிலிருந்து இறங்கி நிர்வாகி ஆகிவிடுகிறார், அதன்பின் அந்த வீட்டில் உண்மையான உரையாடல் நிகழ்வதில்லை. பிள்ளைகளின் பெயரையும் படிப்பையும் நினைவில் வைத்திருப்பது சிறிய செயலாகத் தோன்றினாலும், பள்ளியில் வருகைப் பதிவேட்டின் எண்ணாகவே வாழும் நகரத்துப் பிள்ளைக்குத் தன் பெயர் சொல்லி அழைக்கும் பெரியவர் ஒருவர் ஆலயத்தில் இருக்கிறார் என்பது பெரிய செய்தி.

வீட்டுக்கு அடுத்தபடியாகப் பணியிடம். ஞாயிறு எல்லோருக்கும் விடுமுறை என்ற எண்ணம் நகரத்தில் எப்போதோ பொய்த்துவிட்டது. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையின் தனியார் மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியர்கள், பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் அமெரிக்கப் பகலுக்கேற்ப இரவெல்லாம் விழித்திருக்கும் இளைஞர்கள், வீட்டுவாசலுக்கு உணவு கொண்டுவரும் ஊழியர்கள், துணிக்கடை விற்பனைப் பெண்கள் ஆகியோரில் பலருக்கு ஞாயிறும் வேலை நாளே. இவர்கள் ஆராதனைக்கு வராததைப் பக்திக் குறைவு என்று பிரசங்க மேடையிலிருந்து கண்டிப்பது அறியாமையன்றி வேறில்லை. அதிகாலை நற்கருணை ஆராதனை, வாரநாள் மாலை ஆராதனை என்பவற்றை ஏற்படுத்தும் சபைகள் ஓரளவு தீர்வு காண்கின்றன. அதைவிட மேலானது, பணி மாறும் நேரத்தில் மருத்துவமனைக்கு எதிரேயுள்ள தேநீர்க் கடையில் செவிலியர்களைக் கண்டு பத்து நிமிடம் பேசும் ஆயரின் வழக்கம். விடுதி அறையில் நால்வரோடு தங்கி, சம்பளத்தின் பெரும்பகுதியை ஊரிலுள்ள தம்பியின் படிப்புக்கு அனுப்பிவிட்டு, இரவு முழுவதும் பிறர் நோயைச் சுமக்கும் ஒரு பெண், அந்தத் தேநீர்க் கடையில்தான் தன் நம்பிக்கையைக் குறித்து முதன்முறையாக வாய் திறக்கிறாள். அவள் செய்யும் வேலையே இறைபணி என்று அவளுக்குச் சொல்லப்படவேண்டும். ஞாயிறு பள்ளி ஆசிரியர் பொறுப்பை ஏற்றால்தான் ஊழியம் என்று அவளை நம்பவைப்பது தவறு.

மருத்துவமனை மாநகர ஆயருக்கு மற்றுமொரு வகையில் தனிக்களமாகிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். கிராம ஆயர் தொலைபேசியில் அழைத்து, தம் சபையின் இன்னார் இன்ன வார்டில் இருக்கிறார், ஒருமுறை சென்று பாருங்கள் ஐயா என்று கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் வாரந்தோறும் வருவது. நோயாளிக்கு அருகில் ஜெபிப்பது எல்லோரும் அறிந்த கடமை. ஆனால் தாழ்வாரத்தில் பாயை விரித்துப் படுத்திருக்கும் துணையாளரே பெரும்பாலும் அதிகம் தளர்ந்திருக்கிறார். எந்தப் பரிசோதனைக்கு எந்தக் கட்டடம், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு எந்தச் சான்று, குளிக்க எங்கே இடம், மலிவான சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பவை அவருக்குத் தெரிவதில்லை. இவற்றைக் கேட்டறிந்து சொல்வதும், முடிந்தால் சபையின் ஒரு குடும்பத்தை அவருக்குத் துணையாக்குவதும் ஜெபத்தின் தொடர்ச்சியே. குணமாவார் என்று உறுதி கூறும் வழக்கத்தை ஆயர் தவிர்க்கவேண்டும். சுகத்துக்காக முழுமனத்தோடு ஜெபிப்பதும், சுகம் கிடைக்காத இடத்தில் விலகாமல் உடனிருப்பதும் ஒரே விசுவாசத்தின் இரு செயல்கள். முன்னதை மட்டும் அறிந்த ஊழியர், நோய் முற்றியபின் அந்தப் படுக்கையருகே வருவதற்கே கூசுகிறார்.

நகரச் சபையின் உள்நோய்களுள் கொடியது சாதி. கிராமத்தில் அது தெருவாகவும் கல்லறைச் சுவராகவும் வெளிப்படையாக நிற்கிறது. நகரத்தில் ‘சொந்த ஊர்’ என்ற போர்வையில் நடமாடுகிறது. இந்தப் போராட்டம் சென்னைக்குப் புதியதன்று. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிக்கப்படவேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்து, பலர் சபையை விட்டு விலகினர். அன்று தனித்தனி இருக்கையும் திருவிருந்தில் முன்பின் வரிசையும் சிக்கலாயிருந்தன; இன்று எல்லோரும் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே பாத்திரத்தில் பங்குபெற்றாலும், திருமண விளம்பரத்திலும், கமிட்டித் தேர்தலின் அணி சேர்க்கையிலும், எந்த ஆயரை எந்தச் சேகரத்துக்கு அனுப்பலாம் என்ற முணுமுணுப்பிலும் பழைய கணக்கு தொடர்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத்தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதியினர் என்ற தகுதி மறுக்கப்பட்டிருப்பதால், அவர்கள் அரசின் ஏட்டில் தலித்துகளாக ஏற்கப்படுவதில்லை. சபையிலோ அவர்கள் தலித்துகள் என்பது மறக்கப்படுவதுமில்லை. இந்த இரட்டைச் சுமையை உணராத ஆயர், கிறிஸ்துவுக்குள் எல்லோரும் சமம் என்று எத்தனை முறை பிரசங்கித்தாலும் அச்சொற்கள் பாதிக்கப்பட்டவர்களின் செவியில் வெற்றொலியாகவே விழுகின்றன.

இதில் ஆயர் செய்யக்கூடியது சிறிது, ஆனால் உறுதியானது. திருமணத்துக்கு முன் நடைபெறும் ஆலோசனையில் சாதி பற்றி நேராகக் கேட்பதும், பெற்றோரின் எதிர்ப்பை மீறி மணமுடிக்க முன்வரும் இணையருக்கு ஆலயக் கதவைத் திறந்துவைப்பதும், ஊர்ப்பெயரில் இயங்கும் உறவுக்குழுவின் கூட்டத்துக்குச் சபையின் கூடத்தைத் தராமலிருப்பதும் அவருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவை. சபைப் பத்திரிகையின் வரன் பகுதியில் சாதிப்பெயரை அச்சிடுவதில்லை என்று ஒரு சேகரம் தீர்மானித்தால் விளம்பரம் குறையும், சில குடும்பங்கள் கோபங்கொள்ளும். அந்த இழப்பைத் தாங்கத் துணியாத சபை நற்செய்தியை அறிவிக்கும் உரிமையை எங்கிருந்து பெறுகிறது என்ற கேள்விக்கு விடையில்லை. ஆயர் தம் சொந்தப் பிள்ளைகளின் திருமணத்தில் என்ன செய்தார் என்பதை, அவருடைய எல்லாப் பிரசங்கங்களையும்விடக் கூர்மையாகச் சபை கவனிக்கிறது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும்.

பிள்ளைகளின் மொழி குறித்த சிக்கல் வேறு வகையானது. அதற்குக் குற்றவாளி எவருமில்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் படித்து, இரண்டாம் மொழியாக இந்தியையோ பிரெஞ்சையோ எடுத்த பிள்ளை, வீட்டில் தமிழ் பேசினாலும் வேதாகமத்தையும், மேலைநாட்டு மெட்டுகளில் அமைந்த ஞானப்பாட்டுகளின் தொகுப்பாகிய பாமாலையையும் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாமல், திரையில் ஆங்கில எழுத்தில் காட்டப்படும் தமிழ்ப் பாடலைப் பாடுகிறது. இதற்காகப் பெற்றோரைக் கடிந்துகொள்வதால் பயனில்லை. திருமறைப் பாடத்தை ஒரு பிள்ளையிடம் ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்து, பாட்டியோடு அமர்ந்து வாசித்துப் பழகிவரச் செய்யும் சபைகளில், பிள்ளை எழுத்தைக் கற்பதோடு, பாட்டியின் நம்பிக்கையையும் கேட்டறிகிறது. ஆங்கில ஆராதனை தேவைப்படும் இடத்தில் அது தொடங்கப்படவேண்டும். ஆனால் தமிழ் ஆராதனை முதியோருக்கும் வீட்டுவேலை செய்பவர்களுக்கும், ஆங்கில ஆராதனை வசதிபடைத்தவர்களுக்கும் என்று ஒரே கூரையின்கீழ் இரண்டு வர்க்கங்கள் உருவாவதை ஆயர் விழிப்போடு தடுக்கவேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறேனும் எல்லோரும் ஒன்றாகக் கூடி நற்கருணை பெறுவது இதற்குரிய எளிய வழி.

வர்க்கத்தின் பிளவு நகரத்தின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையும் 2015 டிசம்பர் வெள்ளமும் இந்த இடப்பெயர்வை விரைவுபடுத்தின. ஆழிப்பேரலை தாக்கியது கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாளான ஞாயிறு காலை. அன்றும் வெள்ளத்தின்போதும் பல ஆலயக் கூடங்கள் தங்குமிடங்களாகத் திறக்கப்பட்டன, சமையல் நடந்தது, எவருடைய மதமும் கேட்கப்படவில்லை. அந்நாட்களைச் சபைகள் நியாயமாகவே பெருமையோடு நினைவுகூர்கின்றன. அதன்பின் நடந்தவற்றிலோ பெருமைப்பட அதிகமில்லை. நகர மையத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு வேலை, பள்ளி, மருத்துவமனை, ஆலயம் எல்லாம் ஒரே நாளில் எட்டாதவையாகின. வீட்டுவேலை செய்துவந்த பெண்கள் பேருந்துக்கே கூலியின் கணிசமான பங்கைச் செலவிட்டார்கள். அவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வருவது குறைந்தபோது, ஏட்டில் அவர்களுடைய பெயருக்கு நேரே ‘வருகையில்லை’ என்று குறித்த சேகரங்கள் உண்டு. பேருந்தேறிப் பெரும்பாக்கத்துக்குச் சென்று, எட்டாம் மாடியில் ஓர் அறையில் ஜெபக்குழுவைத் தொடங்கிய ஆயர்களும் உண்டு. நகரத்தில் சபை வளர்கிறதா என்ற கேள்விக்குப் புதிய ஆலயக் கட்டடத்தின் பரப்பளவு விடையாகாது. வெளியேற்றப்பட்ட தன் மக்களை அது பின்தொடர்ந்து சென்றதா என்பதே அளவுகோல்.

ஏட்டில் இல்லாத, ஆனால் அருகில் இருக்கும் மக்களைப் பற்றியும் சொல்லவேண்டும். சென்னையில் ஆலயக் கதவு வாரநாளில் திறந்திருந்தால், கிறிஸ்தவரல்லாத பலர் உள்ளே வந்து சற்று நேரம் அமர்ந்து செல்கிறார்கள். சாந்தோமிலும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்திலும் இது எல்லோரும் அறிந்த காட்சி. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கும் அக்கம்பக்கத்தினர் குடும்பத்தோடு வருவதுண்டு. தேர்வு எழுதப்போகும் மகளுக்காகவும், வேலையிழந்த கணவனுக்காகவும் ஜெபிக்குமாறு அவர்கள் கேட்கும்போது, ஆயர் எந்த நிபந்தனையுமின்றி, அவர்களுடைய முகவரியைக் கேட்காமல், அடுத்த ஞாயிறு வரவேண்டும் என்று வற்புறுத்தாமல் ஜெபிக்கவேண்டும். மதமாற்றம் பற்றிய ஐயமும் அச்சமும் பரவியிருக்கும் காலத்தில் இது பாதுகாப்புக்கான தந்திரமாகத் தோன்றலாம். உண்மையில் இது நற்செய்தியின் இயல்பைச் சார்ந்தது. ஜெபத்தைத் தூண்டிலாக்குவது ஜெபத்தைக் கெடுக்கிறது. கிறிஸ்துவைப் பற்றி அவர்களாகவே கேட்டால் மறைக்காமல், மழுப்பாமல் சொல்லவேண்டும் என்பதும் அதே நேர்மையின் மறுபக்கம். காஞ்சிபுரத்தில் இராமகிருஷ்ண மடத்தின் துறவிகளோடு அமர்ந்து உபநிடதங்களையும் நற்செய்தி நூலையும் மாறிமாறி வாசித்த நியூபிகின், அந்த நட்பினால் தம் விசுவாச அறிக்கையைச் சுருக்கிக்கொள்ளவுமில்லை, அந்த அறிக்கையினால் நட்பை முறித்துக்கொள்ளவுமில்லை.

சபையாரில் சிலர் காலையில் தம் ஆலயத்துக்கும் மாலையில் பெந்தெகொஸ்தே சபைக்கும் செல்வது நகரத்தில் பரவலான வழக்கம். இதைக் கண்டு பொறாமை கொள்ளும் ஆயர், அங்கே அவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டறிவதே சிறந்தது. பெரும்பாலும் விடை எளியது: அங்கே அவர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறார்கள்.

அடக்கம் நகரத்தில் தனிச் சிக்கல்களை உடையது. சில இடங்களில் குடியிருப்போர் சங்கம் உடலை மாடிக்கு ஏற்ற அனுமதிப்பதில்லை. வெளிநாட்டிலுள்ள மகன் வரும்வரை குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். கீழ்ப்பாக்கம் போன்ற பழைய கல்லறைத் தோட்டங்களில் புதிய இடம் இல்லாததால் குடும்பக் கல்லறையையே மீண்டும் திறக்கவேண்டியிருக்கிறது. துயரத்தில் ஆழ்ந்த குடும்பம் அந்த நேரத்தில் கல்லறைப் பத்திரத்தைத் தேடி அலையாதவாறு, அதன் விவரங்களை உறுப்பினர் ஏட்டிலேயே முன்கூட்டிப் பதிவுசெய்து வைக்கும் சேகரம் பெரிய உதவி செய்கிறது. அடக்கத்தன்று ஆயர் ஆற்றும் பிரசங்கம் குறுகியதாக இருக்கலாம். நாற்பதாவது நாளுக்குப் பின் உறவினர் எல்லோரும் கலைந்துபோன வீட்டுக்குச் செல்வதைத் தவறவிடக்கூடாது.

இத்தனை பணிகளுக்கிடையே ஆயரின் சொந்த விசுவாசம் எவ்வாறு காக்கப்படுகிறது என்பது, வெளியில் அதிகம் பேசப்படாத ஒன்று. நகர ஆயர் பிறருக்காக ஜெபிப்பதில் நாளைக் கழித்துவிட்டுத் தாம் ஜெபிக்காமலே உறங்கிவிடக்கூடும். வேதத்தைப் பிரசங்கக் குறிப்பு எடுப்பதற்காக மட்டும் திறக்கும் பழக்கம் மெல்ல மெல்ல வேரூன்றிவிடும். 2020 மார்ச் இறுதியில் பெருந்தொற்று ஊரடங்கினால் ஆலயங்கள் மூடப்பட்டு, குருத்தோலை ஞாயிறும் உயிர்த்தெழுதல் பண்டிகையும் வெறுமையான ஆலயத்தில், கைப்பேசிக் கேமராவின் முன் நடைபெற்றபோது, கூட்டத்தின் குரலையே தம் விசுவாசமாக எண்ணியிருந்த ஊழியர்கள் தடுமாறினார்கள். காலையில் சங்கீதங்களை வரிசையாக, பிரசங்கத்துக்குப் பயன்படுமா என்று பாராமல் வாசிப்பது இதற்குப் பழைய மருந்து. கடவுளிடம் முறையிடும் சங்கீதங்களை விட்டுவிடாமல் வாசிப்பவர், விடை கிடைக்காத ஜெபத்தோடு வரும் உறுப்பினரிடம் அவசர விடைகளைத் திணிப்பதில்லை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, குறிப்பாகத் திங்கள், கமிட்டியின் ஒப்புதலோடு அறிவிக்கப்பட்டுக் கடைப்பிடிக்கப்படவேண்டும். ஆயரின் குடும்பத்துக்கு அந்த ஒரு நாளாவது சொந்தமாக வேண்டும்.

சோர்வைப் பற்றிப் பேசும்போது நியூபிகினின் மற்றொரு சான்று நினைவுக்கு வருகிறது. 1974இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய அவர், அங்கே தாம் அதிகம் இழந்ததாக உணர்ந்தது நம்பிக்கையை என்றும், சென்னையின் மிக ஏழ்மையான சேரிகளில்கூட நிலைமை சீராகும் என்ற எதிர்பார்ப்பைக் கண்டிருந்ததாகவும் 1980களின் தொடக்கத்தில் எழுதினார். எழுபது வயதில் அவர் ஏற்ற பணி, பர்மிங்ஹாம் நகரின் சிறைச்சாலைக்கு அருகே, மூடப்படவிருந்த ஒரு சிறிய சபையின் ஆயர் பொறுப்பு. பேராயராக இருந்தவர் அங்கே வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டினார். சென்னைச் சேரியிடமிருந்து பேராயர் ஒருவர் நம்பிக்கையைக் கற்றுக்கொண்டார் என்ற இந்தச் செய்தி, சேரிக்கு நம்பிக்கையைக் கொண்டுசெல்வதாக எண்ணிப் புறப்படும் ஒவ்வொரு நகர ஆயரும் சற்று நின்று யோசிக்கவேண்டியது. ஆயர் தளர்ந்திருக்கும் நாட்களில் அவரைத் தாங்குவது பெரும்பாலும் பேராலயத்தின் முன்வரிசை அன்று. கண்ணகி நகரின் ஒற்றையறை வீட்டில், இன்றைக்கு வேலை கிடைத்ததற்காக வாய்விட்டு நன்றி செலுத்தும் ஒரு தாயின் ஜெபம்.

பிரசங்கமும் இந்தச் சந்திப்புகளிலிருந்தே பிறக்கவேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் ஆண்டுப் பஞ்சாங்கம் ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பொருளையும் திருமறைப் பாடங்களையும் முன்னரே வகுத்துத் தருகிறது. விருப்பமான பகுதிகளையே சுற்றிச் சுற்றி வராமல் காப்பது அதன் நன்மை. வாரத் தொடக்கத்திலேயே அப்பாடங்களை வாசித்துவிட்டு, வாரம் முழுவதும் அவற்றை மனத்தில் சுமந்தபடி வீடுகளுக்கும் வார்டுகளுக்கும் செல்லும் ஆயருக்குச் சனிக்கிழமை இரவு உவமை தேடும் தேவை ஏற்படுவதில்லை. ஆனால் ஒருவரின் துயரத்தை, பெயரை மறைத்தும்கூட, மேடையில் சொல்வது நம்பிக்கைத் துரோகம்; நகரம் பெரிது என்றாலும் சபை சிறியது, யாரைப் பற்றிய பேச்சு என்பதை மூன்றாவது வரிசை உடனே அறிந்துகொள்ளும். கேட்டவை பிரசங்கத்தின் அக்கறையை மாற்றலாம், அதன் செய்தியாகக் கூடாது.

ஆயர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறு சேகரத்துக்கு மாற்றப்படுவது திருச்சபையின் நடைமுறை. இதில் நன்மைகள் பல உண்டு. ஆனால் ஆறு நாட்களைத் தேடிச்சென்று அறிந்தவை எல்லாம் ஆயரோடு போய்விடும் ஆபத்தும் உண்டு. பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் கணக்குப் பேரேடு, காணிக்கைப் பதிவு, திருவிருந்துப் பாத்திரங்கள், குருமனையின் சாவிகள், அதாவது ஆயர் குடியிருக்கும் இல்லத்தின் சாவிகள், எல்லாம் கையெழுத்திட்டுப் பெறப்படுகின்றன. மனிதர்களைப் பற்றிய ஒப்படைப்பு நிகழ்வதில்லை. ஆகவே விடைபெறும் ஆயர், புதியவருடன் இரண்டு நாட்களாவது சேர்ந்து நடந்து, படுக்கையிலிருக்கும் முதியோரின் வீடுகளையும், அண்மையில் துணையை இழந்தவர்களின் வீடுகளையும், பெரும்பாக்கத்து ஜெபக்குழுவையும், செவிலியர் விடுதியையும் நேரில் காட்டிவிட்டுச் செல்வதை ஒரு விதியாகவே பேராயங்கள் ஏற்படுத்தலாம். தனிமையில் சொல்லப்பட்ட இரகசியங்களை எவருக்கும் கடத்தக்கூடாது. அவற்றைச் சொன்னவரே விரும்பினால் புதியவரிடம் சொல்லட்டும். ஆனால் எந்தக் கதவை எந்த நேரத்தில் தட்டலாம், எந்த வீட்டில் காது கேளாத பாட்டிக்காகச் சற்று உரக்கப் படிக்கவேண்டும், எந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை நெருங்குகிறது என்பவற்றைச் சேகர கமிட்டி அறியாது. அவற்றை அறிந்தவர் வாயால் சொன்னால்தான் உண்டு.